பேர் ஒருத்தருக்கு, வேலை ஒருத்தருக்கு: காகித மெஷின் செய்த டாங்கின் கம்பெனி

(மெக்கானிக்கல் பிரிவு மாணவன் எழுதியது)

படிப்பதற்கு முன் ஒரு சின்ன பரிசோதனை. நேற்றைய தினசரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (இந்த மலரைக் கிழித்துவிடாதீர்கள், மலர்க் குழுவினர் சண்டைக்கு வருவார்கள்.) முதலில் மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். ஸ்கேல் வைத்தது போல நேராக வரும். அடுத்து இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். கோணல்மாணலாகப் பிய்த்துக்கொண்டு போகும். தாளும் அதேதான், கையும் அதேதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

செடியின் நாரை வேகவைத்து, அடித்து, தண்ணீரில் கூழாகக் கரைத்து, சல்லடையில் வடித்தால் தங்குகிற மெல்லிய படலம்தான் காகிதம். ஓடிக்கொண்டிருக்கும் கம்பி வலையின் மேல் அந்தக் கூழ் விழும்போது, மழைத் தண்ணீரில் போகும் துடைப்பக் குச்சிகள் ஓட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்வது போல, நார்களில் பெரும்பகுதி வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தத் திசையில் கிழித்தால் நாருக்கும் நாருக்கும் நடுவே கிழிசல் சுலபமாக ஓடும். குறுக்கே கிழித்தால் ஒவ்வொரு நாரும் மறிக்கும். ஆக, எந்தத் தாளை எடுத்தாலும் அதைச் செய்த மெஷினின் தடம் அதில் இருக்கிறது.

அந்த மெஷினுக்கு ஃபோர்டிரினியர் மெஷின் என்று பெயர். காகிதத் தொழில்நுட்பம் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் பெயர்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஃபோர்டிரினியர் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை, செய்யவும் இல்லை. பணம் போட்டவர், அவ்வளவுதான். கண்டுபிடித்தவர் வேறொருவர். ஒர்க்‌ஷாப்பில் நின்று அதை ஓட வைத்து, நாடு நாடாக அனுப்பியவர் இன்னொருவர். அவர் பெயர் பிரையன் டாங்கின். அவர் நடத்திய கம்பெனியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெஷின் வருவதற்கு முன் காகிதம் கையால்தான் செய்யப்பட்டது. ஒரு தொட்டிக்கு மூன்று ஆட்கள். ஒருவர் கம்பிச் சல்லடை அடித்த மரச்சட்டத்தைக் கூழில் முக்கித் தூக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரு குலுக்குக் குலுக்குவார். இரண்டாமவர் அந்த ஈரப் படலத்தைக் கம்பளித் துணிமேல் கவிழ்ப்பார். மூன்றாமவர் அழுத்தி எடுத்த தாள்களைப் பிரித்தெடுப்பார். பிறகு மாடியில் கொடிகட்டிக் காயப்போடுவார்கள். தாளின் அளவு எவ்வளவு? ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்து ஈரச் சல்லடையை எவ்வளவு அகலம் தூக்க முடியுமோ அவ்வளவுதான். அந்தக் குலுக்கலை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரான்சில் எஸோன் என்ற ஊரில் திதோ என்பவரின் காகித ஆலை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் நிக்கோலா லூயி ரொபேர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஆள். ஆலையில் தொழிலாளர்களோடு ஓயாத தகராறு. ஆட்களை நம்பாமல் காகிதம் செய்ய ஒரு வழி உண்டா என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அதனால்தான் என்கிறார்கள். (இந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.) 1799 ஜனவரியில் பேடன்ட் வாங்கினார். முனையில்லாமல் சுற்றிவரும் ஒரு கம்பி வலை, கீழே கூழ்த் தொட்டி, கூழை அள்ளி வலைமேல் போடும் ஒரு சக்கரம், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. அடிப்படை யோசனை முழுவதும் அதில் இருந்தது. ஆனால் தினமும் ஓடி லாபம் தரும் மெஷினாக அது இல்லை. பேடன்ட் திதோவின் கைக்குப் போனது. அதற்கான பணம் ரொபேருக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. கடைசிக் காலத்தில் சிறு பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுத்து, 1828-ல் ஏழையாகவே இறந்தார்.

திதோவின் மைத்துனர் ஜான் காம்பிள் ஓர் ஆங்கிலேயர். அவர் விஷயத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் 1801-ல் அங்கே பேடன்ட் எடுத்தார். பணம் போட ஹென்றி, சீலி என்ற ஃபோர்டிரினியர் சகோதரர்கள் முன்வந்தார்கள். காகித மொத்த வியாபாரிகள். நம்ம பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ரீம் ரீமாகக் காகிதம் விற்கிறார்களே, அந்த வியாபாரம்தான், ஆனால் ரொம்பப் பெரிய கை. காகிதம் விற்கத் தெரியும், மெஷின் செய்யத் தெரியாது. அதனால் டார்ட்ஃபோர்டு ஊரில் காகித ஆலைகளுக்குச் சாமான் செய்துகொண்டிருந்த ஜான் ஹால் என்பவரிடம் போனார்கள். ஹாலின் ஒர்க்‌ஷாப் வழியாக அந்த வேலை டாங்கினிடம் வந்தது.

யார் இந்த டாங்கின்?

1768-ல் இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் பிறந்தவர். அப்பாவுக்கு நில அளவை, எஸ்டேட் நிர்வாகம். மகனும் முதலில் அந்த வழியில்தான் போய், ஒரு பிரபுவின் எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மனசு மெஷின் பக்கம். எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டனிடம் போய், இன்ஜினியர் ஆக என்ன வழி என்று கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேரச் சொன்னார் ஸ்மீட்டன். 1792-ல், 24 வயதில், எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு ஹாலிடம் அப்ரன்டிஸ் ஆனார் டாங்கின். ஐ.டி.ஐ. முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்ததை நம்மில் சிலர் வெளியே சொல்லவே கூச்சப்படுகிறோம். இவர் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

தொழில் கற்ற பிறகு டார்ட்ஃபோர்டிலேயே சொந்தமாகக் கடை வைத்தார். என்ன செய்தார் தெரியுமா? கையால் காகிதம் செய்பவர்கள் பிடிக்கும் அந்தச் சல்லடைச் சட்டங்களைத்தான் செய்தார். என் கணக்கில் இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். கம்பி வலையில் தண்ணீர் எப்படி வடியும், வலை எங்கே தொய்யும், ஓரம் எங்கே கிழியும் என்பதெல்லாம் மெஷின் வேலை வருவதற்கு முன்பே அவர் கைக்குப் பழக்கம். ரொபேருக்கும் ஃபோர்டிரினியர்களுக்கும் இந்தக் கைப்பழக்கம் கிடையாது.

புது மெஷினுக்காக லண்டனில் பெர்மண்ட்சி என்ற இடத்தில் தொழிற்சாலை அமைத்தார். தேம்ஸ் ஆற்றின் தென்கரை. பக்கத்தில் கப்பல் துறை, சரக்குக் கிடங்கு, தோல் பதனிடும் தொட்டிகள். நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு அந்தப் பேட்டையின் வாசனையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே செய்த முதல் மெஷின் 1803-ல் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் ஃப்ராக்மோர் ஆலையில் ஓடியது. அடுத்தது பக்கத்திலேயே டூ வாட்டர்ஸ் ஆலையில்.

மெஷின் எப்படி ஓடுகிறது?

மெஷின் வாயில் வரும் கூழ் பார்க்கக் கஞ்சித்தண்ணி மாதிரிதான் இருக்கும். இன்றைய மெஷின்களில் அதில் நார் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மீதி தண்ணீர். அந்தத் தண்ணீரை எடுப்பதுதான் மெஷினின் வேலை முழுவதும். முதலில் தானாக வடிய விடுகிறது, பிறகு பிழிகிறது, கடைசியில் காய்ச்சுகிறது. இதில் விலை மலிவானது வடிவது, விலை கூடியது காய்ச்சுவது. நம்ம வீட்டில் துணி துவைக்கும்போது இதே வரிசைதான்.

ரொபேரின் சக்கரம் கூழை அள்ளி எறிந்தது. டாங்கினின் மெஷினில் கூழ் தொட்டியிலிருந்து நேராக வலைமேல் வழிந்து பரவுகிறது. ஓரத்தில் வழிந்து விழாமல் இருக்க இரண்டு பக்கமும் வலையோடு கூடவே ஓடும் பட்டைகள். இந்தப் பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் தாளின் அகலம். இப்போது அந்தப் பழைய குலுக்கலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நார்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்தால் தாள் குறுக்கே பலமில்லாமல் போகும். தொட்டி ஆள் கையால் குலுக்கியதை மெஷினில் வலை பூட்டிய சட்டமே பக்கவாட்டில் ஆடிச் செய்தது. நார்கள் கொஞ்சமாவது பின்னிக்கொள்ளும். ஒரு தொழிலாளியின் மணிக்கட்டு வேலையை இயங்குமுறையாக மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள். தியரி ஆஃப் மெஷின்ஸ் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நான்கு-கம்பி இணைப்பை விட இது எனக்கு நன்றாகப் புரிந்தது.

உண்மையான தொல்லை வலையில்தான். சுற்றி ஓடும் எந்தப் பட்டையும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகப் பார்க்கும். எண்ணூரில் நிலக்கரி கன்வேயர் பக்கம் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெல்ட் ஓரம் போய்விட்டால் அன்றைய ஷிப்ட் போச்சு. உருளைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், ஒரு உருளையின் ஒரு முனை மறு முனையைவிடத் தடித்திருந்தால், வலை நகரும். ரப்பர் பெல்ட் கொஞ்சம் தாங்கும். அந்தக் காலத்து மெல்லிய கம்பி வலை தாங்காது, சுருங்கிக் கிழியும். எனவே நீளமான உருளையைக் கடைசி வரை ஒரே விட்டத்தில் கடைய வேண்டும். இது 1803 சமாச்சாரம் என்பதை மறக்கக் கூடாது. லண்டனிலேயே ஹென்றி மாட்ஸ்லே தன் திருகு வெட்டும் லேத்தை உருவாக்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இன்று நாம் ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டே டேப்பர் அடிக்கிறோம்.

அடுத்த தொல்லை வேகம். ஈரத் தாள் வலையிலிருந்து கம்பளிக்கும், கம்பளியிலிருந்து அழுத்தும் உருளைக்கும் போகும்போது அடுத்த பகுதி முந்தைய பகுதியைவிட இம்மியளவு வேகமாக ஓட வேண்டும். குறைந்தால் தாள் தொய்ந்து மடியும், கூடினால் அறுந்துபோகும். வேகத்தை அளப்பதில் டாங்கினுக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1810-ல் அவர் செய்த டாக்கோமீட்டருக்கு லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது.

காய்ச்சும் பகுதி மட்டும் ஆரம்பத்தில் இல்லை. ஈரத் தாளைச் சுருளிலிருந்து வெட்டி எடுத்து, பழையபடி கொடியில்தான் போட்டார்கள். 1820-ல் தாமஸ் கிராம்டன் நீராவியால் சூடாக்கிய உருளைகளில் காயவைக்கும் முறைக்குப் பேடன்ட் எடுத்த பிறகுதான் ஒரு முனையில் கூழ், மறு முனையில் உலர்ந்த காகிதம் என்று மெஷின் முழுமையானது.

பணம் போட்டவர்கள் கதை

ஃபோர்டிரினியர் சகோதரர்கள் இந்த மெஷினுக்காகச் செலவழித்தது சுமார் 60,000 பவுண்டு. 1810-ல் திவால். மற்ற ஆலைகள் அனுமதி இல்லாமலேயே மெஷினை ஓட்டின. வழக்குப் போட்டபோது பேடன்ட் விண்ணப்பத்தின் வாசகமே காலை வாரிவிட்டது. பல அகலங்களில் காகிதம் செய்யும் மெஷின் என்று அதில் எழுதியிருந்தது. ஒரே மெஷினால் அப்படிப் பல அகலம் செய்ய முடியாது என்று 1820-களில் நடந்த வழக்கில் பேடன்ட் செல்லாமல் போனது. ஸ்பெசிஃபிகேஷன் எழுதுவதை நம்மில் பலர் இரண்டு மார்க் கேள்வி என்று நினைக்கிறோம்! ரஷ்ய மன்னர் முதலாம் அலெக்சாண்டர் இரண்டு மெஷின்களுக்கு வருடத்துக்கு 700 பவுண்டு வீதம் 10 வருடம் தருவதாக ஒப்புக்கொண்டார். அதுவும் வரவில்லை. ஹென்றி தள்ளாத வயதில் ரஷ்யாவுக்கே போய்க் கேட்டும் பலன் இல்லை. கடைசியில் 1840-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 7,000 பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டது.

டாங்கின் கம்பெனி மட்டும் எப்படித் தப்பியது? அவர் வருமானம் பேடன்டில் இல்லை. மெஷின் செய்தார், ஆலையில் கொண்டுபோய் நிறுத்தினார், அதற்கு விலை வாங்கினார். ஓட்டை உடைசலுக்கும் ஆலைக்காரர்கள் அவரிடம்தான் வரவேண்டும். அது மட்டுமல்ல, கடையில் வேறு வேலையும் வைத்திருந்தார். ஹால், காம்பிள் இருவரோடும் கூட்டுச் சேர்ந்து 1813 வாக்கில் தகர டப்பாவில் உணவை அடைத்து விற்கும் தொழிற்சாலையையும் பெர்மண்ட்சியிலேயே நடத்தினார். பிரிட்டிஷ் கடற்படை வாங்கியது. ஆம், நாம் கடையில் பார்க்கும் டின் உணவின் பூர்வீகமும் இதே ஆட்கள்தான்!

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் நடுவர் அறிக்கையில் இந்தக் கம்பெனி அதுவரை செய்த காகித மெஷின்களின் கணக்கு இருக்கிறது. மொத்தம் 191. பிரிட்டனுக்கு 83, ஜெர்மனிக்கு 46, பிரான்சுக்கு 23, வட ஐரோப்பாவுக்கு 22, இத்தாலி உள்ளிட்ட தென் ஐரோப்பாவுக்கு 14, அமெரிக்காவுக்கு 2, இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. யோசனை பிறந்த பிரான்சே 23 மெஷின்களை லண்டனிலிருந்து இறக்குமதி செய்திருக்கிறது. இந்தியா சும்மா இருக்கவில்லை. வங்காளத்தில் செராம்பூர் பாதிரிமார்கள் 1820-லேயே தங்கள் காகித ஆலைக்கு நீராவி எஞ்சின் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் எஞ்சினும் வெளியிலிருந்துதான், மெஷினும் வெளியிலிருந்துதான்.

டாங்கின் 1855-ல் இறந்தார். கம்பெனி அவர் வாரிசுகளிடம் தொடர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்மண்ட்சியை விட்டு வடக்கே செஸ்டர்ஃபீல்டுக்கு இடம் மாறி, காஸ் வால்வு செய்யும் கம்பெனி என்று பெயர் வாங்கியது. காகித மெஷின் தொழில் அதற்குள் வேறு பல கம்பெனிகள் கைக்குப் போய்விட்டது.

தொட்டி ஆட்கள் என்ன ஆனார்கள்?

இப்போது ரொபேர் விஷயத்துக்கு வருகிறேன். 1800-ல் பிரிட்டனில் செய்த காகிதம் சுமார் 11,000 டன், எல்லாம் கையால். 1860-ல் சுமார் 1,00,000 டன், அதில் கையால் செய்தது மிகச் சிறு பங்கு. காகிதம் மலிந்தது, பத்திரிகை பெருகியது, பள்ளிக்கூடப் புத்தகம் ஏழை வீட்டுக்கும் வந்தது. இதையெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். 1830 நவம்பரில் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை வைகம் வட்டாரத்துத் தொழிலாளர்கள் கும்பலாகச் சேர்ந்து, சுத்தியலும் கையுமாக ஆலை ஆலையாகப் போய்க் காகித மெஷின்களை உடைத்ததைச் சிலர்தான் எழுதுகிறார்கள். வழக்கு நடந்து பலர் நாடு கடத்தப்பட்டார்கள்.

அந்த ஆட்களை முட்டாள்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கன்டெய்னர் வந்த பிறகு அந்த வேலை எப்படிக் குறைந்தது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிரேனை அவர் ஒருநாளும் திட்டவில்லை. “அந்த கேபின்ல உட்கார எங்கள்ல ஒருத்தனுக்குக்கூட சொல்லித்தரலையேடா” என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மெஷின் பக்கம் நிற்கப்போகிறவனும் நான்தான். ரொபேர் மெஷின் யோசித்தது தொழிலாளியைத் தவிர்க்க. டாங்கின் அதே மெஷினை ஓட வைத்தது தொழிலாளியின் கை வேலையைக் கற்று வைத்திருந்ததால். இரண்டும் ஒரே மெஷினில் இருக்கிறது. இதில் எது பெரிது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் மெஷின் வந்த பிறகும் அந்த ஆட்களுக்குப் புது வேலை கற்றுக்கொடுத்திருக்கலாம், அது நடக்கவில்லை என்று மட்டும் தோன்றுகிறது.

நம்ம ஊர்ப் பக்கம்

காகித மெஷினையே செய்யும் தொழிற்சாலை நம் வடசென்னையில் இல்லை. இந்தியாவில் அந்த வேலை நடந்த இடங்களில் ஒன்று ஒடிசாவில் ரூர்கேலா பக்கம் உள்ள கான்ஸ்பால். முதலில் உத்கல் மெஷினரி என்ற பெயரில் இருந்து, பிறகு எல் அண்ட் டி-யோடு சேர்ந்த தொழிற்சாலை அது. ஆனால் தமிழ்நாட்டுக் காகிதத்தின் வழியைப் பின்னால் பிடித்துக்கொண்டு போனால் திருவொற்றியூருக்கு வந்து சேரலாம். எப்படி என்று சொல்கிறேன்.

1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டி.என்.பி.எல். நிறுவனம் கரூர் அருகே புகலூரில், காகிதபுரம் என்றே பெயர் வைத்த இடத்தில், 1984-ல் காகித உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது திறன் வருடத்துக்கு 90,000 டன். மூங்கிலையும் மரத்தையும் மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்ததுதான் இதன் சிறப்பு. 100 டன் கரும்பு அரைத்தால் சுமார் 30 டன் ஈரச் சக்கை வரும். சர்க்கரை ஆலைகள் அதைத் தங்கள் பாய்லரிலேயே எரித்துவிடும். அதை எரிக்காமல் எங்களிடம் கொடுங்கள், உங்களுக்கு வேண்டிய நீராவிக்கு நாங்கள் நிலக்கரி வழி செய்கிறோம் என்று ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். சக்கையின் உள்ளே பஞ்சு போன்ற சோறு இருக்கிறது. அது காகிதத்துக்கு ஆகாது, முதலில் அதை நீக்க வேண்டும். மிச்சமிருக்கும் நாரும் பைன் மர நாரைப் போல நீளமில்லை, அதில் பாதிக்கும் குறைவு. குட்டை நாரில் செய்த ஈரத் தாள் சீக்கிரம் அறுந்துபோகும் என்பதால் நீள நார்க் கூழும் கொஞ்சம் கலப்பார்கள்.

அந்தச் சக்கையைப் பிழிவது சர்க்கரை ஆலையின் இரும்பு உருளைகள். வெலகபுடி ராமகிருஷ்ணா 1941-ல் தொடங்கிய கே.சி.பி. நிறுவனம் 1955-ல் நம் திருவொற்றியூரில் இன்ஜினியரிங் தொழிற்சாலை அமைத்து, சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலைகளுக்கான கனரக இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது அது ஏதோ பெரிய சுவர் என்றுதான் பலரும் பார்த்திருப்போம். கரும்பு உருளையும் காகித அழுத்து உருளையும் பார்த்தால் ஒரே ஜாதி. இரண்டிலும் ஈரப்பொருளைப் பிழிய வேண்டும், பிழிந்த நீர் திரும்ப உறிஞ்சப்படாமல் ஓடிப்போக வழி வேண்டும், பாரத்தில் உருளை நடுவில் வளையக் கூடாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் சீரான பாரம் தாங்கும் விட்டத்துக்கு நடுவில் வளைவு அதிகம் என்று படித்தோமே, அந்தக் கணக்குத்தான். காகித மெஷினில் இதற்காக உருளையின் நடுவைச் சற்றே தடிமனாகக் கடைந்து வைப்பார்கள். பாரம் ஏறியதும் அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகிவிடும். கண்ணால் பார்த்தால் அந்தத் தடிமன் தெரியவே தெரியாது.

அடுத்த முறை இண்டஸ்ட்ரியல் விசிட் எங்கே என்று கேட்டால் புகலூர் என்று சொல்லுங்கள். போனால் எல்லோரும் காகிதச் சுருள் வரும் முனைக்குத்தான் ஓடுவார்கள், அங்கே போட்டோ நன்றாக வரும். நீங்கள் வலைப் பக்கம் போய் நில்லுங்கள். கஞ்சித்தண்ணியாக விழுவது சில மீட்டர் தூரத்துக்குள் பளபளப்பு மங்கித் தாளாக மாறும் கோடு ஒன்று தெரியும். அங்கே நிற்கும் ஆபரேட்டர் நாள் பூராவும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அது கொஞ்சம் முன்னே பின்னே போனால் என்ன அர்த்தம் என்று அவரிடமே கேளுங்கள்.